ஜெர்மனியின் காலி பாட்டில் முன்பணம்: பயன்படுத்தி வருபவரின் மதிப்புரை

ஜெர்மனியில் குடியேறுகிறவர்கள் மொழி பிடிபடுவதற்கு முன்பே சேர்ந்துவிடும் பொது ஏற்பாடு ஒன்று உண்டு. கடையில் தண்ணீரோ குளிர்பானமோ பியரோ வாங்கும்போது விலையோடு சேர்த்து ஒரு சிறு முன்பணம் கட்டுகிறோம். குடித்து முடித்த பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் ஒரு சென்ட்கூடக் குறையாமல் திரும்ப வருகிறது. 'ஃபாண்ட்' என்று எல்லோரும் அழைக்கும் இந்தச் சேவையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். பாட்டில்கள் தெருவிலும் ஆற்றங்கரையிலும் கிடக்காமல் தடுப்பதில் இதற்கு இணையான ஏற்பாடு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் இது எந்த நோக்கத்துக்காகத் தொடங்கப்பட்டதோ, அந்த நோக்கத்தில் பாதிகூட நிறைவேறவில்லை என்பதையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பணக்கணக்கு. ஒருமுறை மட்டும் பயன்படுத்தப்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் கேனுக்கும் 25 சென்ட். நம் பணத்தில் இருபது ரூபாய்க்கு மேல். கழுவி மீண்டும் நிரப்பப்படும் சாதாரண பியர் பாட்டிலுக்கு 8 சென்ட். கம்பி மூடி போட்ட பியர் பாட்டிலுக்கும், கழுவி நிரப்பப்படும் தண்ணீர், பழச்சாறு பாட்டில்களில் பெரும்பாலானவற்றுக்கும் 15 சென்ட். பாட்டில்களை அடுக்கி வைக்கும் பெட்டிக்குத் தனியாக 1.50 யூரோ. ஆகவே 20 பியர் பாட்டில்கள் கொண்ட ஒரு பெட்டிக்கு 3.10 யூரோவும், 12 தண்ணீர் பாட்டில்கள் கொண்ட பெட்டிக்கு 3.30 யூரோவும் முன்பணமாகப் போகும். இந்தத் தொகை விலைச்சீட்டிலும் ரசீதிலும் பொருளின் விலையோடு கலக்காமல் தனி வரியாக அச்சிடப்படுவதால், பொருளுக்கு எவ்வளவு கொடுத்தோம், பாட்டிலுக்கு எவ்வளவு கொடுத்து வைத்திருக்கிறோம் என்பதில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. மலிவு விலைக் கடைகளில் 1.5 லிட்டர் தண்ணீர் 19 சென்டுக்கு விற்ற ஆண்டுகளில், உள்ளே இருந்த தண்ணீரைவிட வெளியே இருந்த பாட்டிலுக்கே மதிப்பு அதிகமாக இருந்தது. அப்படிப்பட்ட பொருளைச் சாலையோரம் வீசிவிட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

திருப்பிக் கொடுக்கும் இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பதுதான் இச்சேவையின் பெரும்பலம். பிளாஸ்டிக் பாட்டிலில் பானம் விற்கும் எந்தக் கடையும், அது தன்னிடம் வாங்கப்பட்டதா இல்லையா என்று கேட்காமல், முன்பணக் குறி உள்ள எல்லா ஒருமுறை பிளாஸ்டிக் பாட்டில்களையும் ஏற்றுக்கொள்ளச் சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது. கேன் விற்கும் கடை கேன்களை ஏற்க வேண்டும். 200 சதுர மீட்டருக்கும் குறைவான விற்பனைப் பரப்புள்ள சிறு கடைகள் மட்டும் தாம் விற்கும் நிறுவனங்களின் பாட்டில்களோடு நிறுத்திக்கொள்ளலாம். கழுவி நிரப்பும் பாட்டில்களுக்கு இத்தகைய பொதுக் கட்டாயம் கிடையாது என்பதால், அரிதான வடிவமுள்ள பியர் பாட்டிலை எல்லாக் கடைகளும் வாங்குவதில்லை. பெரும்பாலானவர்களைப் போல நானும் வாராந்திரச் சாமான் வாங்கப் போகும்போதே காலி பாட்டில்களைப் பையில் எடுத்துச் செல்கிறேன். இதற்கென்று தனியாக ஒரு நடை போவதில்லை.

பெரிய கடைகளில் வாசலை ஒட்டியோ பானப் பகுதியிலோ திரும்பப் பெறும் இயந்திரம் இருக்கும். இத்தகைய இயந்திரங்களுக்குப் பெயர்பெற்ற டோம்ரா நிறுவனத்தை 1972-இல் நார்வேயில் பிளாங்கே சகோதரர்கள் இருவர் தொடங்கினார்கள். வட்டமான திறப்பில் பாட்டிலைப் படுக்க வைத்தால், அது உள்ளே உருண்டு சுழலும்; பட்டைக் கோடும், பாட்டிலும் கேனும் அம்புக்குறியும் சேர்ந்த முன்பண முத்திரையும் படிக்கப்படும். கழுவி நிரப்பும் பாட்டிலாக இருந்தால் அதன் வடிவத்தைக் கொண்டு இயந்திரம் அடையாளம் கண்டு, உடையாமல் பின்பக்க மேசைக்கு அனுப்பும். ஒருமுறை பாட்டில் என்றால், மீண்டும் ஒருமுறை காசு பெற முடியாதபடி பின்புறத்தில் நொறுக்கப்படும். அந்த நொறுங்கும் ஓசை கடைக்குள் தெளிவாகக் கேட்கும். முழுப் பெட்டியை வைக்கக் கீழே தனித் திறப்பு இருக்கும். பொத்தானை அழுத்தினால் தொகை அச்சிட்ட சீட்டு வரும். அதைக் கல்லாவில் கொடுத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், எதுவுமே வாங்காமல் ரொக்கமாகவும் கேட்டுப் பெறலாம். புதிதாக வருகிறவர்கள் பலர் ஏதாவது வாங்கினால்தான் பணம் தருவார்கள் என்று எண்ணித் தேவையில்லாத பொருளை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறார்கள். அதற்கு அவசியமே இல்லை. சீட்டை மறந்து பையிலேயே வைத்திருந்தாலும் பதற வேண்டாம். பொதுவான காலவரையறைச் சட்டப்படி, வழங்கப்பட்ட ஆண்டு முடிந்து மூன்று ஆண்டுகள் வரை அதற்கான உரிமை இருக்கிறது.

குறைகளும் உண்டு. சனிக்கிழமை மாலையில் வரிசை நீளும். கொள்கலன் நிரம்பிவிட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஊழியர் ஒருவர் வந்து மாற்றும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். சிந்திய பானம் காய்ந்து தரை பிசுபிசுக்கும் கடைகளும் இருக்கின்றன. வீட்டில் இடத்தை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் பாட்டிலை நசுக்கிவிட்டால் இயந்திரத்தால் குறியைப் படிக்க முடியாது. லேபிளைக் கிழித்துவிட்டாலும் அப்படியே. ஆனால் இயந்திரம் திருப்பித் தள்ளியதாலேயே பணம் போய்விட்டது என்று பொருளில்லை. முன்பண முத்திரை கண்ணுக்குத் தெரிகிறவரை, நசுங்கிய பாட்டிலையும் கேனையும் ஊழியர் கையால் வாங்கிக்கொண்டு பணம் தரவேண்டும் என்று நுகர்வோர் ஆலோசனை மையங்கள் தெளிவாகச் சொல்கின்றன. ஒரு கடையில் எனக்கு முதலில் மறுத்தார்கள். முத்திரையைக் காட்டிப் பணிவாக எடுத்துச் சொன்னதும் கொடுத்துவிட்டார்கள். அண்டை நாட்டில் வாங்கிய கேனுக்கு மட்டும் எந்த வாதமும் செல்லாது, அதில் ஜெர்மானிய முத்திரை இருக்காது.

எதற்கு முன்பணம் உண்டு, எதற்கு இல்லை என்பது இன்றும் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களைத் திணறடிக்கிறது. 2022 ஜனவரி 1 முதல் பழச்சாறு உட்பட ஏறக்குறைய எல்லாப் பானங்களின் ஒருமுறை பிளாஸ்டிக் பாட்டில்களும் கேன்களும் இதன் கீழ் வந்துவிட்டன. 2024 முதல் பாலும் பால் கலந்த பானங்களும் அடைக்கப்பட்ட பிளாஸ்டிக் பாட்டில்களும் சேர்ந்தன. ஆனால் ஒயினின் கண்ணாடி பாட்டிலுக்குப் பொதுவாகக் கிடையாது, காகித அட்டைப் பெட்டிக்குக் கிடையாது. ஒயின், ஊறுகாய், ஜாம் போன்றவற்றின் கண்ணாடியைத் தெருமுனையில் உள்ள சேகரிப்புத் தொட்டிகளில் வெள்ளை, பழுப்பு, பச்சை என்று நிறம் பிரித்துப் போட வேண்டும். நீலம் முதலிய மற்ற நிறங்கள் பச்சையோடு சேரும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் சத்தம் கேட்கும் என்பதால் போடக்கூடாது. பணம் எதுவும் கிடைக்காதபோதும் மக்கள் இதைச் செய்கிறார்கள் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். பாட்டிலைப் பத்திரப்படுத்தும் பழக்கம் கைக்கு வந்துவிட்டால் அது காசு கிடைக்கும் பொருளோடு நின்றுவிடுவதில்லை என்றே நான் நினைக்கிறேன்.

இத்திட்டத்தின் வரலாற்றை அறிந்தால்தான் அதன் குறையும் விளங்கும். 1991-இல் கொண்டுவரப்பட்ட பொதியல் ஒழுங்குமுறை ஆணை, பான விற்பனையில் கழுவி நிரப்பும் பாட்டில்களின் பங்கு 72 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஒருமுறை பாட்டில்களுக்கும் கேன்களுக்கும் கட்டாய முன்பணம் விதிக்கப்படும் என்று தொழில்துறையை எச்சரித்தது. 1997-இல் பங்கு அந்த வரம்புக்குக் கீழே போனது. சில்லறை வணிகமும் பான நிறுவனங்களும் வழக்குகள் தொடுத்துத் தடுக்க முயன்றபோதும், சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூர்கன் ட்ரிட்டின் காலத்தில், 2003 ஜனவரி 1 அன்று முன்பணம் நடைமுறைக்கு வந்தது. தொடக்க ஆண்டுகள் மக்களுக்குத் தொல்லையாகவே இருந்தன. மலிவு விலைக் கடைத்தொடர்கள் சில தமக்கென்று தனி வடிவ பாட்டிலை உருவாக்கி, அதை மட்டுமே திரும்ப வாங்கிக்கொண்டன. 2006 மே மாதத்தில் இந்தத் தனித்தீவுகள் ஒழிக்கப்பட்டு, நாடு முழுவதற்கும் ஒரே முத்திரை என்று ஆன பிறகே இன்று நாம் காணும் வசதி பிறந்தது. ஆகவே மக்களின் ஒத்துழைப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூன்றாண்டு இடைவெளியைக் கவனிக்க வேண்டும். 2003-இலும் 2006-இலும் அதே மக்கள்தாம் இருந்தார்கள். கடையின் கதவு திறந்ததும் அவர்கள் பாட்டிலைக் கொண்டுவந்தார்கள்.

இன்று ஒருமுறை பாட்டில்களிலும் கேன்களிலும் ஏறத்தாழ 98 விழுக்காடு திரும்பி வருகின்றன. இந்த எண்ணை வீட்டில் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பவர்கள் மட்டும் எட்டியிருக்க முடியாது. பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் கால்பந்து மைதானத்தின் வாசலிலும் விட்டுச் செல்லப்படும் பாட்டில்களைச் சேகரிக்கும் மனிதர்கள் ஒவ்வொரு நகரத்திலும் இருக்கிறார்கள். ஓய்வூதியம் போதாத முதியவர்கள், வீடற்றவர்கள், வேலையில்லாதவர்கள், அவ்வப்போது சிறுவர்கள். அவர்களுடைய உழைப்பு எந்த ஒப்பந்தத்திலும் இல்லை. நகராட்சி அவர்களுக்குச் சம்பளம் தருவதில்லை. ஆயினும் நகரத்தின் தூய்மையில் ஒரு பகுதி அவர்கள் கைகளால் நிகழ்கிறது. குப்பைத்தொட்டிக்குள் கைவிட்டு உடைந்த கண்ணாடியில் அறுபடும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காக, காலி பாட்டிலைத் தொட்டிக்குள் போடாமல் அதன் அருகே நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்ளும் ஓர் இயக்கம் பரவியது. பூங்காவில் அமர்ந்திருந்தவர்கள் எழுந்து போகும்போது பாட்டிலைத் தொட்டியின் ஓரமாக வைத்துவிட்டுப் போவது இப்போது மரியாதையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. கொலோன் நகரைச் சேர்ந்த வடிவமைப்பாளர் பவுல் கெட்ஸ், தொட்டியைச் சுற்றிப் பாட்டில் நிறுத்தும் வளையம் ஒன்றையே உருவாக்கினார். சில நகரங்கள் அதைப் பொருத்தின. வளையத்தில் வேறு குப்பை திணிக்கப்படுகிறது என்று கைவிட்ட நகரமும் உண்டு. ஹாம்பர்க் விமான நிலையத்தில், பாதுகாப்புச் சோதனைக்கு முன்பு பயணிகள் விட்டுச் செல்லும் பாட்டில்களுக்குத் தனிச் சேகரிப்புத் தொட்டிகள் வைத்து, அந்த வருமானத்தைக் கொண்டு முன்பு வீடற்றவர்களாக இருந்தவர்களுக்கு நிலையான வேலை கொடுத்தார்கள். பல கடைகளின் இயந்திரங்களில் சீட்டுப் பொத்தானுக்கு அருகே நன்கொடைப் பொத்தானும் இருக்கிறது. லிடில் கடைகளில் அதை அழுத்தினால் தொகை ஏழைகளுக்கு உணவு வழங்கும் டாஃபெல் அமைப்புக்குப் போய்ச் சேரும்.

இந்தப் பகுதி எனக்கு மகிழ்ச்சியையும் வருத்தத்தையும் சேர்த்தே தருகிறது. குப்பை என்று கருதப்பட்ட ஒன்றுக்கு விலை வைத்தவுடன் அதைப் பேணுவதில் பல தரப்பட்ட மனிதர்கள் பங்கெடுக்கிறார்கள் என்பது உண்மை. செல்வமிக்க ஒரு நாட்டில் எழுபது வயது கடந்த ஒருவர் குளிர்கால இரவில் 25 சென்டுக்காகக் குனிய வேண்டியிருப்பதும் உண்மை. சேவையை மதிப்பிடும்போது முதலாவதைப் பாராட்டி இரண்டாவதை மறைப்பது நேர்மையாகாது.

இனி முதலில் சொன்ன பெரிய குறைக்கு வருகிறேன். இந்த முன்பணம் கழுவி நிரப்பும் பாட்டிலைக் காப்பாற்றுவதற்காகவே பிறந்தது. அந்தப் பாட்டிலோ தொடர்ந்து இடம் இழந்து வந்திருக்கிறது. 2019 முதல் நடைமுறையில் உள்ள பொதியல் சட்டம் 70 விழுக்காட்டை இலக்காக வைத்திருக்கிறது. உண்மையான பங்கு நாற்பது விழுக்காட்டைச் சற்றே தாண்டி நிற்கிறது. மலிவு விலைக் கடைத்தொடர்கள் பெரும்பாலும் ஒருமுறை பாட்டில்களையே விற்கின்றன. அவர்களுக்கு அது இலாபமும்கூட: திரும்பி வரும் தூய பிளாஸ்டிக் நல்ல விலை போகும் மூலப்பொருள், அது அவர்கள் கைக்கே சேர்கிறது, திரும்ப வராத பாட்டில்களின் முன்பணம் பானத்தை முதலில் சந்தைக்கு விட்ட நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. வாடிக்கையாளரின் பக்கத்தில் நிகழ்வது இன்னும் நுட்பமானது. இரண்டு வகை பாட்டில்களும் ஒரே இயந்திரத்தின் ஒரே திறப்பில் நுழைகின்றன, இரண்டுக்கும் ஒரே சீட்டில் பணம் வருகிறது. ஆகவே முன்பணம் கட்டிய பாட்டில் என்றாலே அது கழுவி மீண்டும் நிரப்பப்படும் என்று மக்களில் பலர் நம்புகிறார்கள். உண்மையில் 25 சென்ட் தரும் பாட்டில் அந்த நொடியே நொறுக்கப்படுகிறது; அதை உருக்கிப் புதுப் பொருள் செய்ய மீண்டும் ஆற்றல் செலவாகிறது. அதிகக் காசு தருவது நல்ல பாட்டில் என்று மனம் தானாகவே எண்ணிக்கொள்வதால், எட்டும் பதினைந்தும் தரும் பாட்டில்கள் பின்தங்கிப் போகின்றன.

கழுவி நிரப்பும் பாட்டிலின் தரத்தைப் பற்றி ஐயமே வேண்டாம். ஜெர்மானிய ஊற்றுநீர் நிறுவனங்களின் கூட்டுறவுச் சங்கம் 1969-இல் அறிமுகப்படுத்திய, கூன்டர் குபெட்ஸ் என்ற வடிவமைப்பாளர் உருவாக்கிய 0.7 லிட்டர் கண்ணாடி பாட்டில் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இடுப்பு ஒடுங்கி, மேற்பகுதியில் முத்து முத்தான புடைப்புகளோடு, கைக்கு வழுக்காமல் நிற்கும் அழகிய பொருள் அது. ஒரே வடிவத்தைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்வதால், எந்த ஊரில் திருப்பிக் கொடுத்தாலும் அருகிலுள்ள ஊற்றுநீர் ஆலையே கழுவி நிரப்பிக்கொள்ள முடியும். ஒரு பாட்டில் ஐம்பது முறை வரை நிரப்பப்படுகிறது. பாட்டிலின் நடுவில் தேய்ந்து வெளிறிய வளையங்கள் தெரிந்தால், அது பல வீடுகளுக்குப் போய் வந்திருக்கிறது என்று பொருள். கனமானது என்பது மட்டுமே அதன் தொல்லை. மாடிப்படி ஏறும் வயதானவர்களுக்கு 12 கண்ணாடி பாட்டில் பெட்டி எளிதல்ல. அவர்களுக்காகவே கழுவி நிரப்பும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்களும் உள்ளன, அவை பதினைந்து முதல் இருபத்தைந்து முறை வரை தாங்கும். பாட்டிலில் 'மேர்வெக்' என்று எழுதியிருந்தால் கழுவி நிரப்புவது, 'ஐன்வெக்' என்றால் ஒருமுறை பாட்டில். இந்த இரண்டு சொற்களை மட்டும் தெரிந்துகொண்டு கடைக்குப் போனால் போதும்.

தமிழ்நாட்டிலும் இக்கருத்து செயலுக்கு வந்திருக்கிறது. காட்டில் வீசப்படும் மதுபாட்டில்கள் உடைந்து யானைகளின் கால்களைக் கிழிப்பதைக் கருத்தில் கொண்டு சென்னை உயர்நீதிமன்றம் காட்டிய வழியில், 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாகப் பெற்று, காலி பாட்டிலைத் திருப்பினால் அதைத் திரும்பக் கொடுக்கத் தொடங்கியது. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. மதுவிற்பனை முழுவதும் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பதால், ஜெர்மனி 2003 முதல் 2006 வரை பட்ட தனித்தீவுத் தொல்லை அங்கே எழவே வழியில்லை. அது பெரிய அனுகூலம். ஆனால் ஜெர்மனியில் இயந்திரம் செய்யும் வேலையை அங்கே கடை ஊழியர்கள் கையால் செய்கிறார்கள். வேலைப்பளுவும் இடநெருக்கடியும் பற்றி ஊழியர் சங்கங்கள் எழுப்பிய எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. திரும்பி வரும் பாட்டிலை வாங்கி, எண்ணி, அடுக்கி வைக்கத் தனி ஆளும் தனி இடமும் ஒதுக்கினால் அந்தத் திட்டம் நெடுங்காலம் நிலைக்கும்.

ஜெர்மானிய ஏற்பாட்டில் நான் கேட்கும் மாற்றங்கள் இரண்டே. முதலாவது, ஒருமுறை பாட்டிலுக்கும் கழுவி நிரப்பும் பாட்டிலுக்கும் இயந்திரத்தில் தனித்தனித் திறப்புகள் வைக்க வேண்டும், சீட்டிலும் இரண்டையும் பிரித்து அச்சிட வேண்டும்; தான் கொண்டுவந்ததில் எத்தனை நொறுக்கப்பட்டன, எத்தனை மீண்டும் நிரப்பப்படப் போகின்றன என்பது ஒவ்வொருவர் கண்ணிலும் பட வேண்டும். இரண்டாவது, பியர் பாட்டிலின் முன்பணத்தை உயர்த்த வேண்டும். மார்க் நாணயம் புழங்கிய காலத்தில் 15 ஃபென்னிக் ஆக இருந்த தொகை யூரோ வந்தபோது 8 சென்ட் ஆக மாற்றப்பட்டு அப்படியே தொடர்ந்தது. புதிய பாட்டில் செய்ய அதைவிட அதிகம் செலவாகிறது. அந்தச் சிறு தொகைக்காகக் கடைக்கு நடக்கச் சோம்பி, பெட்டி பெட்டியாக நிலவறையில் சேர்த்து வைக்கும் வீடுகள் ஏராளம். 2018-இன் கடுங்கோடையில் பியர் விற்பனை ஏறிக்கொண்டே போனபோது, போஹும் நகரத்து மோரிட்ஸ் ஃபீகே மதுவடிப்பாலை நிரப்புவதற்குப் பாட்டில் இல்லாமல் தவித்து, வீட்டில் இருக்கும் காலி பாட்டில்களைத் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள் என்று வாடிக்கையாளர்களிடம் பொதுவில் வேண்டுகோள் விடுத்தது. முன்பணம் 15 சென்டாகவோ அதற்கு மேலோ இருந்தால் அந்தப் பெட்டிகள் நிலவறையில் அத்தனை காலம் கிடக்காது.